கோட்டுக்கு அடியில் அப்பா

1

இந்தப் பயிற்சியை நான் பதினோரு முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறையும் உட்கார்ந்து கேட்டதில்லை.

நான் வேலை செய்வது ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரின் ஆவணக் காப்பகத்தில். ஊரின் பழைய பத்திரங்கள், படங்கள், கடிதங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. என் பொறுப்பு கட்டடம் மட்டும்தான். சாவி, விளக்கு, வெந்நீர்க் குழாய், பனிக்காலத்தில் வாசற்படியில் உப்புத் தூவுவது. ஆண்டுக்கு ஓரிரு முறை அங்கே ஒரு பயிற்சி நடக்கும். கணினியிலும் போனிலும் கிடக்கும் படங்கள், குரல் பதிவுகள், காகிதமே இல்லாத கடிதங்கள், இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பெயரிடுவது, எப்படி அழியாமல் காப்பது என்று சொல்லித் தருவார்கள். பாட்டுச் சங்கம், தீயணைப்புச் சங்கம், தேவாலயம் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் நாற்காலி போடுவேன், காபி வைப்பேன், படம் காட்டும் கருவியின் ஒயரைச் செருகுவேன். பிறகு கதவோரம் நிற்பேன். கருவி நின்றுபோனால் ஓடிவந்து பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

நின்றபடி கேட்டதிலேயே பாடம் எனக்கு மனப்பாடம். எதற்கும் மூன்று பிரதி வேண்டும், மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மூலத்தில் கை வைக்கக் கூடாது. அலமாரியில் போட்டுவைத்த ஹார்ட் டிஸ்க்கை அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால் ஒருநாள் அது ஓடாது. படத்தில் இருப்பது யார், எந்த இடம், யார் எடுத்தது என்று எழுதி வைக்காவிட்டால், படம் இருந்தும் பயனில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த ஓர் ஊரில். இங்கே வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பினோம். கல்வி என்ற இடத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் இருந்தன. ஐந்தாம் வகுப்புக்குக் கட்டம் இல்லை. அங்கிருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்து, "இதை எதில் சேர்ப்பது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் 'தெரியவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நாட்டுக் காகிதங்களில் என் படிப்பு தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது ராங்க்.

2

என் மனைவி கிறிஸ்டா திருவண்ணாமலைக்கு வந்தது தியானம் செய்ய. செங்கம் சாலையில், ரமணாசிரமம் பக்கம், அவள் தங்கியிருந்த விடுதியில் நான் மோட்டாரும் இன்வெர்ட்டரும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அறையில் மட்டும் தண்ணீர் ஏறவே ஏறாது. "சாமிய தேடி வந்தவளுக்கு மோட்டார்காரன் கெடச்சான்" என்று என் அக்கா வள்ளி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணம் பேசியபிறகு ஒருநாள் கிறிஸ்டாவை எங்கள் நிலத்துக்கு அழைத்துப் போனேன். மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்த நேரம். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா குவியலுக்கு முன்னால் நின்றிருந்தார். சட்டை இல்லை. தலையில் துண்டை முண்டாசு கட்டியிருந்தார். இடது தோளில் மூட்டை சுமந்து சுமந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு. கிறிஸ்டா கேமராவைத் தூக்கியதும் அவர் கூச்சத்தோடு நகர்ந்தார்.

"இரும்மா, சட்ட போட்டுனு வந்துடறேன்."

"வேணாம் மாமா, இதான் நல்லாருக்கு" என்றாள் கிறிஸ்டா. அக்கா சொல்லிக் கொடுத்த தமிழ். நானும், "சும்மா நில்லுப்பா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் படம். அவருக்கு வேறு நல்ல படம் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட், இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காக ஓர் அலுவலகத்தில் இருந்தது. கேட்டோம். சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் திங்கட்கிழமைவரை யாரும் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள். அக்கா மகன் கொள்ளி வைத்தான். என்னால் முடிந்தது அந்தப் படத்தை அனுப்புவது ஒன்றுதான். கிறிஸ்டா தன் அலுவலக மெயிலிலிருந்து, பேனர் அடிக்கும் பன்னீரின் கடைக்கு அனுப்பினாள்.

மறுநாள் போனில் பேனர் வந்தது. கண்ணீர் அஞ்சலி. பின்னால் அண்ணாமலையார் மலை, உச்சியில் தீபம். நடுவில் அப்பா, நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுக்கொண்டு. முண்டாசு போய், எண்ணெய் வைத்து வாரிய யாரோ ஒருவரின் முடி வந்திருந்தது. அப்பா வாழ்நாளில் கோட்டைத் தொட்டதுகூடக் கிடையாது. போக முடியாத ஆத்திரத்தை எல்லாம் நான் அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக மன்னிக்கவும் இல்லை.

அந்தப் படத்தைத்தான் அக்கா சட்டம் போட்டு அனுப்பினாள். எங்கள் கூடத்தில் அதுதான் தொங்குகிறது. என் மகள் அருணா மூன்றாம் வகுப்பில் தாத்தாவைப் பற்றி எழுதினாள்: 'என் தாத்தா இந்தியாவில் அலுவலகத்தில் வேலை செய்தார்.' ஆசிரியை நட்சத்திரம் ஒட்டியிருந்தார். திருத்தலாம் என்று நினைத்தேன். அவளுக்குப் புரியும் மொழியில் மல்லாட்டைக்கும் முண்டாசுக்கும் என்னிடம் வார்த்தை இல்லை. விட்டுவிட்டேன்.

3

இந்த முறை பயிற்சி, அப்பாவின் நினைவு நாளுக்கு முந்தைய வாரம் வந்தது. இரண்டு சனிக்கிழமைகள். நடத்துபவர் திருமதி ஷூல்ட்ஸ். நல்ல மனுஷி, என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் சிலரில் ஒருவர். முதல் சனிக்கிழமை ஒருவர் வரவில்லை. இருவர் இருவராகச் செய்யவேண்டிய வேலையில் தீயணைப்புச் சங்கத்துப் பெரியவர் ஹான்ஸ் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏழுமலை, நீங்கள் வந்து உட்காருங்களேன்" என்றார் ஷூல்ட்ஸ்.

கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். போய் உட்கார்ந்தேன். ஒரு படத்தை எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு அதை விளக்கவேண்டும். என் போனில் முதலில் கிடைத்தது கோட்டுப் படம்தான்.

"கம்பீரமாக இருக்கிறாரே" என்றார் ஹான்ஸ்.

"அவர் செத்த பிறகுதான் கோட்டுப் போட்டார்" என்றேன் என் ஜெர்மன் மொழியில்.

அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "நாங்களும் அப்படித்தான். என் அண்ணனைச் சங்கத்துச் சீருடையில் வைத்துத்தான் புதைத்தோம்."

நான் பதறிப்போய், இல்லை, புதைக்கவில்லை, எரித்தோம், கோட்டு அவர் உடம்பில் இல்லை, பன்னீரின் கணினியில்தான் இருந்தது என்று விளக்க விளக்க, பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள். ஷூல்ட்ஸும் வந்தார். படத்தைக் கையால் பெரிதாக்கிப் பார்த்தார். கழுத்தும் காலரும் சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கே பாருங்கள், இது மாற்றப்பட்ட படத்துக்கு நல்ல உதாரணம். மூலம் இருக்கும்போது இதை வைத்திருக்கத் தேவையில்லை." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மன்னியுங்கள். ஆனால் இது உங்கள் அப்பா இல்லை. அவருடைய முகம் மட்டும்தான்."

நானே பன்னிரண்டு ஆண்டுகளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்றது.

காபி நேரத்தில் அவர் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். வெளியிலிருந்து வந்து இந்த ஊரில் குடியேறியவர்களின் குடும்பப் படங்களைக் காப்பகம் சேர்க்கிறதாம். ஒருவருக்கு ஒரு கோப்பு. மாற்றப்படாத மூலம் மட்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால் இந்த ஊர் இருக்கும்வரை இருக்கும். அடுத்த சனிக்கிழமை கடைசி நாள்.

"உங்கள் அப்பாவின் உண்மையான படத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

வரவேண்டும் என்று நினைத்தேன். யார் யாருடைய அப்பாக்களோ இருக்கும் அந்த அலமாரிகளின் சாவியை நான் தினமும் சுமக்கிறேன். என் அப்பாவும் உள்ளே இருக்கட்டும்.

4

வீட்டுக்கு வந்து கிறிஸ்டாவின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். துணி அலமாரியில், குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில் இருந்தது. கணினியில் செருகினேன். டக், டக், டக் என்றது. கொஞ்சம் நின்று மறுபடியும் டக், டக். அந்தச் சத்தம் எதைக் குறிக்கிறது என்று பதினோரு முறை கேட்டவன் நான். ஒரு முறைகூட வீட்டுக்கு வந்து இதை ஓட்டிப் பார்க்கவில்லை.

கேமராவின் கார்டில் வேறு படங்கள் ஏறிவிட்டன. படத்தை அனுப்பிய மெயில், கிறிஸ்டாவின் பழைய வேலையோடு போயிற்று. ஊரில் ஒரு கடையில் டிஸ்க்கைக் காட்டினோம். பிரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

அருணா பாவம், உதவத்தான் வந்தாள். பதினாறு வயது. வீட்டில் அவள் பேசும் தமிழ் பெரும்பாலும் 'அப்பா' என்ற ஒரு சொல்தான். "அப்பா, இது சுலபம்" என்று சொல்லி, கோட்டுப் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டாள். கோட்டைக் கழற்றி உடம்பை வரை என்று எழுதினாள். ஒரு நிமிஷத்தில் வரைந்துவிட்டது. அப்பாவின் முகத்துக்குக் கீழே உடற்பயிற்சி செய்த ஒரு வாலிபனின் மார்பு. வழவழப்பான இரண்டு தோள்கள்.

"யார் இது?" என்றேன்.

"தாத்தா."

"இல்லை. அழித்துவிடு."

"உனக்காகத்தானே செய்தேன்."

"தெரியும். அழித்துவிடு."

நான் இவ்வளவு அழுத்திப் பேசி அவள் கேட்டதில்லை. அழித்துவிட்டு எழுந்து போனாள். பன்னீர் போட்ட கோட்டு, கோட்டு என்று தெரிகிறது. இந்தத் தோள் பொய் என்று எனக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. அப்பாவின் காய்ப்பேறிய தோளில்தான் எங்கள் வீடே ஏறி நின்றது.

5

மறுநாள் காலையில் பன்னீரைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"பன்னீரு, நான் ஏழுமலை. வள்ளி அக்கா தம்பி. ஜெர்மனிலேர்ந்து."

"சொல்லுணா. நானே கூப்புடலாம்னு இருந்தேன். பன்னண்டாம் வருசம் தான? நம்பர மாத்தி ரெடியா வச்சிருக்கேன். அக்கா சரின்னா அடிச்சிடுவேன்."

"அது இருக்கட்டும். நான் அப்ப அனுப்புன படம், கோட்டு போடறதுக்கு முன்னாடி இருந்தது, எங்கனா இருக்குதா?"

"மெயில்ல வந்த போட்டோவா? அது ஏதுணா. கம்ப்யூட்டரே மூணு மாத்திட்டேன்."

போனை வைக்கப் போனேன்.

"ஆனா ஃபைல் இருக்குது" என்றான்.

"எந்த ஃபைல்?"

"அஞ்சலி ஃபைல்ணா. கல்யாணம், மஞ்சத்தண்ணி, பர்த்டே எல்லாம் ஆறு மாசத்துல அழிச்சிடுவேன், எடம் பத்தாது. கல்யாணம் ஒரு தடவதான். அஞ்சலிய மட்டும் தொட மாட்டேன். செத்தவங்கதான் வருசா வருசம் வர்றாங்க. மொதலாம் ஆண்டு, ரெண்டாம் ஆண்டுன்னு நம்பர மட்டும் மாத்தணும் இல்ல?"

"அதுல கோட்டோடதான இருக்கும்?"

"அய்ய, கோட்டு தனிணா. முடி தனி, மல தனி, எழுத்து தனி. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சிருக்கேன். பக்கத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும். அத அமுக்குனா கோட்டு மறஞ்சிடும், அடியில பெருசு முண்டாசோட நிப்பாரு."

"வெட்டலியா?"

"நான் எதயும் வெட்ட மாட்டேன். அக்கா திடீர்னு வேற கலர் கோட்டு கேட்டா இன்னா பண்றது? அடியில முழுசா வுட்ருவேன்."

மூலத்தில் கை வைக்காதே. பதினோரு முறை நான் கேட்ட பாடம். பன்னீர் ஒரு முறையும் கேட்டதில்லை.

"அந்தக் கோட்டு யாருதுடா?"

"யாருக்குணா தெரியும். கீழ்பென்னாத்தூர்ல பாதி பேரு அதுலதான் போயிருக்காங்க."

படமாக மாற்றாமல் அந்தக் கோப்பை அப்படியே அனுப்பச் சொன்னேன். "வாட்ஸப்ல போட்டா நசுங்கிடும்ணா, லிங்க் அனுப்பறேன்" என்றான். அவனுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏன்கா கோட்டு போடச் சொன்ன?"

"இப்ப இன்னாடா அதுக்கு?"

"சும்மாதான். சொல்லு."

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ அப்ப மலைல வேல செஞ்சினு இருந்த" என்று ஆரம்பித்தாள். திருவண்ணாமலையை நாங்கள் மலை என்றே சொல்வோம். "பட்டா பேரு மாத்த ஒரு ஆபீசுக்கு மனு குடுக்கப் போனோம், நானும் அப்பாவும். மழ. சட்ட காயல. துண்ட போத்திக்கினு வந்தாரு. வாசல்ல இருந்தவன், 'சட்ட போட்டுனு வா பெருசு, இது இன்னா உன் கொல்லையா'ன்னான். அப்பா ஒண்ணும் பேசல. என்னாண்ட மனுவ குடுத்துட்டு வெளிய போயி நின்னுக்கினாரு. நான் உள்ள போயி குடுத்துட்டு வர வரைக்கும் மழைலயே நின்னுனு இருந்தாரு. வீடு வர்ற வரைக்கும் வாயே தெறக்கல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொல்லாதன்னாரு. நீ அனுப்புன போட்டோவுல பாத்தா வெறும் ஒடம்பு. ரோட்டு மொனையில வைக்கற பேனர்டா அது. அந்த ஆபீஸ்காரன் போற வர்ற ரோடு. செத்தும் அவர சட்ட இல்லாம நிக்க வைக்க சொல்றியா? பன்னீராண்ட சொன்னேன், சட்ட வேணாம், கோட்டே போடுன்னு. ஜாஸ்தியாவே இருக்கட்டும்னு."

போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்குப் போய், கோட்டுப் படத்துக்கு முன்னால் நின்றேன்.

"இன்னாடா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்கா."

அன்று மாலை பன்னீரின் கோப்பைத் திறந்தோம். கண்ணை அமுக்கினேன். கோட்டு மறைந்தது. முடி மறைந்தது. மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் அப்பா சிரித்தார். அருணா மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை அமுக்கிக் கோட்டைக் கொண்டுவந்தாள், மறைத்தாள், மறுபடி கொண்டுவந்தாள். இடது தோளைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"மூட்டை சுமந்தது."

"அப்படியானால் தாத்தா அலுவலகத்தில் வேலை செய்யவில்லையா?"

"அலுவலக வாசல்வரை போயிருக்கிறார்" என்று சொல்லி, அக்கா சொன்னதைச் சொன்னேன். என் ஜெர்மன் மொழி எவ்வளவு கம்மியோ அவ்வளவில் சொன்னேன். புரிந்துகொண்டாள். கிறிஸ்டாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழு, அன்னிக்கு அவர் சட்ட போட்டுக்கறேன்னு சொன்னாரு இல்ல?" என்றாள் தமிழில்.

"சொன்னாரு."

"நான் வேணாம்னேன்."

"நானும்தான்."

"விண்ணப்பத்துல எழுது" என்றாள். "அதையும் எழுது."

6

இரண்டாவது சனிக்கிழமை நாற்காலிகளைப் போட்டுவிட்டு நான் கதவோரம் போகவில்லை. முதல் வரிசையில், கூட வந்த அருணாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விண்ணப்பங்களை வாங்கும் நேரம் வந்தது. ஷூல்ட்ஸ் என் கோப்பைத் திறந்தார். கோட்டை மறைத்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அற்புதம். எவ்வளவு உயிரோட்டமான படம். இதைத்தான் கேட்டேன். மேலே உள்ள அடுக்குகளை நீக்கிவிட்டு, மூலத்தை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்."

"இல்லை" என்றேன்.

காது சூடாகிவிட்டது. இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"இந்தப் படம் எடுத்தபோது என் அப்பா சட்டை போட்டு வருகிறேன் என்று சொன்னார். நானும் என் மனைவியும் விடவில்லை. எங்களுக்கு அழகாக இருந்தது. சட்டை இல்லாததற்காக ஓர் அலுவலகத்தில் அவரை வெளியே நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. என் அக்காவுக்குத் தெரியும். அவர் கேட்ட சட்டையை அவள்தான் கொடுத்தாள். இதுவும் ஓர் அலுவலகம்தான். இங்கேயும் அவரைச் சட்டை இல்லாமல் விட்டுவிட்டுப் போக மாட்டேன். தோளையும் மறைக்க மாட்டேன். இரண்டும் உள்ளே போகவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்."

ஜெர்மன் மொழியில் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பாதி வாக்கியங்கள் உடைந்திருக்கும். திருத்திக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

ஷூல்ட்ஸ் தயங்கினார். "புரிகிறது. ஆனால் விதிப்படி ஒருவருக்கு ஒரு கோப்புதான்."

"இது ஒரு கோப்புதான்."

பின் வரிசையில் ஹான்ஸ் உரக்கச் சிரித்தார். "அவர் சொல்வது சரி அம்மா. எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான்."

ஷூல்ட்ஸ் சிரிக்கவில்லை. திரையில் கண்ணை அமுக்கிக் கோட்டைக் கொண்டுவந்தார். காலர் சேரும் அதே இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். 'மூலம்', 'மாற்றப்பட்டது' என்று இரண்டு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் குறியிடவும் என்று கீழே அச்சடித்திருந்தது. நான் இரண்டிலும் குறி போட்டேன். அவர் பார்த்தார். விளக்கம் எழுதும் இடத்தை விரலால் காட்டினார்.

அப்பா இப்போது மூன்று இடங்களில் இருக்கிறார். பன்னீரின் கடையில், என் வீட்டில், நான் சாவி வைத்திருக்கும் இந்தக் கட்டடத்தில். விளக்கம் எழுதும் இடத்தில் முதலில் தமிழில் எழுதினேன். கீழே அருணா ஜெர்மனில் எழுதினாள். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினோம்:

'இவர் என் அப்பா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி. இடது தோளில் இருப்பது மூட்டைக் காய்ப்பு. படம் எடுத்தது மருமகள் கிறிஸ்டா. எடுக்கும்போது சட்டை கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. கோட்டுப் போட்டது மகள் வள்ளி. அடியில் எதையும் வெட்டாமல் வைத்திருந்தது பன்னீர். எழுதியது மகன் ஏழுமலை, ஐந்தாம் வகுப்பு.

பார்ப்பவர்கள் கோட்டை மறைத்துப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் திரும்பப் போட்டுவிடவும்.'